பெய்ரூத் நூலகமும் நமது பழைய கிதாபுகளும்

அரபுக் கல்லூரியில் ஓதிய ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவருடைய அலுமாரியில் ‘அல்முன்ஜித்’ என்ற தடித்த அகராதி இருக்கக்கூடும். எங்கள் வீட்டில் சாச்சாவின் பிரதி ஒன்று இருக்கிறது. அரபுச் சொல்லுக்குப் பொருள் தேடும்போது மௌலவிமார் பலர் புரட்டும் அந்த அகராதியை 1908ஆம் ஆண்டு வெளியிட்டவர் லூயிஸ் மஃலூஃப். அவர் ஒரு கத்தோலிக்கக் குரு, இயேசு சபையைச் சேர்ந்தவர். இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. நமது மார்க்கத்தின் மொழிக்கு அவர்கள் ஏன் இத்தனை உழைத்தார்கள் என்று தேடியபோதுதான் ஒரு நூலகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

லெபனானின் பெய்ரூத் நகரில் இயேசு சபையினர் 1875இல் புனித யோசேப்புப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார்கள். அதன் ஆய்வு நூலகத்துக்குக் ‘கீழைத்தேய நூலகம்’ என்று பெயர். லூயிஸ் ஷேக்கோ என்ற குரு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்காகச் செலவிட்டு, கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சேர்த்தார். அவற்றை உலகுக்கு அறிமுகப்படுத்த 1898இல் ‘அல்மஷ்ரிக்’ என்ற அரபுச் சஞ்சிகையையும் தொடங்கினார். இன்று அங்கே 3,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இருக்கின்றன. கிறிஸ்தவ நூல்களோடு இஸ்லாமிய நூல்களும், இலக்கணமும் மருத்துவமும், பழைய வரைபடங்களும் புகைப்படங்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

சாதாரண நூலகம் இன்று பலர் கேட்கும் புத்தகத்தை வைத்திருக்கும். ஆய்வு நூலகமோ ஐம்பது வருடங்களுக்குப் பிறகு யாரோ ஒருவர் வந்து கேட்கக்கூடிய ஒரு தாளையும் வைத்திருக்கும். அந்த ஒருவர் யார், எந்த மதத்தவர், எந்த நாட்டவர் என்று அதற்குத் தெரியாது. இருந்தும் அது காத்திருக்கும்.

ஷேக்கோ சொன்ன எல்லாவற்றையும் அறிஞர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிஞர்கள் பலரைக் கிறிஸ்தவர்கள் என்று அவர் எழுதினார். அது மிகைப்பட்ட கூற்று என்று பலர் மறுத்தார்கள். ஆனால் ஏற்பதற்கும் மறுப்பதற்கும் அந்தக் கவிதைகள் கையில் இருக்க வேண்டும் அல்லவா? ஏடு அழிந்தால் சரியான கருத்தும் பிழையான கருத்தும் சேர்ந்தே அழியும். 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போரைக் கடந்து அந்த நூலகம் நின்றது. 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூத் துறைமுக வெடிப்பில் கட்டிடம் சேதமடைந்தது. அதையும் திருத்தி எடுத்தார்கள்.

இயேசு சபையினர் நமது குடாநாட்டுக்கும் வந்தவர்கள்தான். கற்பிட்டிக் கோட்டையை ஒல்லாந்தர் 1667இல் கட்டத் தொடங்குவதற்கு முன், அங்கே போர்த்துக்கேயரின் சிறிய காவலரணும் இயேசு சபைத் தேவாலயமும் இருந்தன. தமிழில் அச்சு வரவும் அவர்களே காரணம். அன்றிக்கே அன்றிக்கஸ் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சானது. இந்திய எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அது. அதன் அறியப்பட்ட ஒரே பிரதி இன்று அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இன்னொரு குருவான புரோயென்சா தொகுத்த தமிழ்–போர்த்துக்கேய அகராதி 1679இல் அச்சானது. அதன் பிரதியை வத்திக்கான் நூலகத்தில் கண்டறிந்து, 1966இல் மீண்டும் பதிப்பித்தவர் ஊர்காவற்றுறையில் பிறந்த தனிநாயகம் அடிகளார். இந்திய மண்ணில் அச்சான தமிழ் அகராதியைப் பார்க்கத் தமிழர் ஒருவர் ரோமுக்குப் போக வேண்டியிருந்தது. ஆனாலும் அங்கே யாரோ அதைக் காத்து வைத்ததால்தான் போய்ப் பார்க்க முடிந்தது. காக்கப்படாதவற்றை எங்கே போய்த் தேடுவது? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன.

இப்போது நமது ஊரைப் பார்ப்போம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் அதிகமான முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். ஆலங்குடாவின் முகாம்களில் ஓலைக் கொட்டில்களில் வாழ்ந்தார்கள். அவசரத்தில் புறப்பட்டவர்கள் கையில் எடுத்தது பிள்ளைகளையும் உடுத்த உடுப்பையும்தான். காணி உறுதி, நிக்காஹ் பதிவு, பாடசாலைச் சான்றிதழ், பள்ளிவாசல் கணக்குப் புத்தகம் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. சிலர் மட்டும் ஒரு பையில் சில கடதாசிகளைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பைகள் இன்றும் சில வீடுகளில் இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் உம்மும்மாமாருக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.

முன்பிருந்தே இங்கு வாழும் குடும்பங்களிலும் செல்வம் உண்டு. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளைச் சொல்கிறேன். தொழுகைச் சட்டமும் மாலைகளும் வீட்டுப் பெண்கள் ஓதிப் படித்த பாடல்களும் அதில் இருக்கின்றன. பழுதடைந்த முஸ்ஹபுகளை மரியாதையோடு கடலில் விடுவதும் மண்ணில் புதைப்பதும் நமது வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எழுத்து அரபாக இருப்பதால், வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் அரபுத்தமிழ்க் கிதாபையும் முஸ்ஹபு என்று எண்ணி அதோடு சேர்த்துவிடுகிறார்கள். அப்போது கடலுக்குப் போவது நமது மூதாட்டிமாரின் தமிழ்.

“பழைய கடதாசியால் பரீட்சையில் புள்ளி கிடைக்குமா?” என்று பெற்றோர் கேட்கலாம். கிடைக்காதுதான். ஆனால் உயர்தரக் கலைப்பிரிவில் படிக்கும் நாங்கள் வரலாற்றை ‘டியூட்’ தாள்களில் மட்டுமே படிக்கிறோம். அதில் எங்கள் ஊர் இல்லை. எங்கள் ஊரை எழுதப்போவது யார்? எழுத வருபவருக்கு நாங்கள் எதைக் காட்டப்போகிறோம்?

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். அபூபக்கர் (ரழி) காலத்தில் தொகுக்கப்பட்ட குர்ஆன் ஏடுகள் உமர் (ரழி) அவர்களுக்குப் பின் ஒரு பெண்ணிடம்தான் பாதுகாப்பாக இருந்தன. அவர் உம்முல் முஃமினீன் ஹஃப்ஸா (ரழி). உஸ்மான் (ரழி) அவற்றை அவரிடம் கேட்டு வாங்கி, பிரதிகள் எடுத்து, மூலத்தை அவரிடமே திருப்பி அனுப்பினார்கள். ஆய்வு நூலகம் ஒன்றின் ஒழுங்கு முழுவதும் இதற்குள் இருக்கிறது: பத்திரமாக வை, தேவைப்படுவோருக்குக் கொடு, பிரதி எடு, மூலத்தை உரியவரிடம் சேர்.

பெய்ரூத்தில் உள்ளதைப் போன்ற கட்டிடம் நமக்கு வேண்டாம். கல்லூரி நூலகத்தில் பூட்டுள்ள ஒரு கண்ணாடி அலுமாரியும் ஒரு பதிவேடும் போதும். பழைய கிதாபு, கடிதம், உறுதி உள்ளவர்கள் கொண்டுவரட்டும். விரும்பாதவர்கள் மூலத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளட்டும். நாங்கள் வீட்டுக்கே வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்வோம். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எந்த ஆண்டு என்று பதிவேட்டில் எழுதுவோம். பிறர் பார்க்கக் கூடாத குடும்ப விடயம் என்றால் அதையும் குறித்து மூடி வைப்போம். சம்மதம் தருவோரின் பிரதிகளை, 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்கும் அனுப்பலாம். கடற்காற்றின் உப்பும் பூச்சியும் அங்கே எட்டாது.

ஒரு விடயத்தில் மட்டும் தாமதிக்க முடியாது. அரபுத்தமிழை வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அலுமாரி அடுத்த வருடம் வந்தாலும் பரவாயில்லை. அவர்களிடம் உட்கார்ந்து அந்த எழுத்தை வாசிக்கப் பழகுவதை நாம் இந்த விடுமுறையிலேயே தொடங்க வேண்டும்.