மருந்துச் சீட்டில் நடையையும் எழுதுங்க டாக்டர்!

பேரிகையிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு பஸ்ஸில் போய், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்து, பஸ்ஸிலேயே திரும்புகிறவரிடம் 'சுகர் பார்டர்ல இருக்கு, வாக்கிங் போங்க' என்பார் டாக்டர். எப்போ, எத்தனை நிமிஷம்? மாத்திரைக்கு மட்டும் 'காலை 1, இரவு 1' என்று சுத்தமாக எழுதியிருக்கும்!

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில், மூன்றே வருஷத்தில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினம் அரை மணி நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று திட்டமாகச் சொல்லி, விடாமல் விசாரிக்கப்பட்டவர்களில் 39 பேருக்குத்தான். மெட்ஃபார்மின் மாத்திரையின் பலனும் ஏறக்குறைய இவ்வளவே! (ஏற்கெனவே நோய் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.)

'நைட் ஷிஃப்ட் வாரத்துல எப்ப நடக்கறது டாக்டர்? சீட்டுலயே எழுதிக் குடுத்துடுங்க' என்று கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.