சொல்லும் சூழலும்

ஆங்கிலத் தேர்வு நெருங்கும் நாளில் மாணவர் பலர் கையில் ஒரு குறிப்பேட்டைக் காணலாம். அதில் இடப்புறம் ஆங்கிலச் சொற்களும் வலப்புறம் அவற்றின் தமிழ்ப் பொருளும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கடைசி ஏடுகளில் சிமிலி, மெட்டபர், ஐரனி முதலிய இலக்கியக் கலைச்சொற்கள் ஒருவரி விளக்கத்தோடு இடம்பெறும். விடியற்காலையில் எழுந்து இவற்றை நெட்டுருச் செய்வர். அவ்வுழைப்பைப் பழிப்பார் இலர். ஆயினும், பாடத்தை மூடி வைத்துவிட்டுப் பட்டியலை மட்டும் படிப்பது மீள்பார்வை ஆகாது.

ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை எடுத்துக்கொள்வோம். சீசரைக் கொன்றவர்களுள் ஒருவனாகிய புரூட்டஸ் முதலில் பேசி மக்களைத் தன்பால் ஈர்த்துவிடுகிறான். பின்னர் அவன் இசைவு பெற்று அந்தோணி பேச வருகிறான். புரூட்டஸை 'ஆனரபிள்' என்று குறிக்கிறான். குறிப்பேட்டில் இச்சொல்லுக்கு 'மதிப்பிற்குரிய' என்று பொருள் இருக்கும். கூட்டமும் தொடக்கத்தில் அவ்வாறே கொள்கிறது. அந்தோணி மேலும் பேசுகிறான்: சிறைப்பிடித்தவர்களை மீட்கத் தரப்பட்ட பொருளைச் சீசர் பொதுக் கருவூலத்தில் சேர்த்தான், ஏழையர் அழுதபோது தானும் அழுதான், மும்முறை நீட்டிய முடியை மும்முறையும் மறுத்தான். இவற்றினிடையே அதே சொல்லை மீண்டும் மீண்டும் வைக்கிறான். சொல்லில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் அருகில் வந்து நிற்கும் செய்திகளின் சுமையால் அதன் பொருள் தலைகீழாகிறது. இறுதியில் கூட்டத்தில் ஒருவன் அச்சொல்லையே வெறுப்போடு திருப்பி உமிழ்கிறான்; மக்கள் கொலைஞர்தம் வீடுகளுக்குத் தீயிடப் புறப்படுகின்றனர். குறிப்பேட்டுப் பொருளை மட்டும் அறிந்த மாணவனோ கூட்டம் முதலில் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறான்.

இதுவே ஐரனி. தமிழ் கற்ற மாணவன், 'இது வஞ்சப்புகழ்ச்சி அன்றோ?' என விரைந்து கூறுவான். ஓரளவு உண்மையே. தொண்டைமானின் படைக்கலங்களை ஔவையார் புகழ்ந்ததும், கயவரை வள்ளுவர் தேவரோடு ஒப்பிட்டதும் அவன் நினைவிற்கு வருவது நன்றே. ஆனால் சூலியட் இறந்தாள் என எண்ணி ரோமியோ நஞ்சுண்ணும்போது, அவள் உயிரோடிருப்பதை அவையோர் அறிவர். அதனையும் ஐரனி என்றே ஆங்கிலேயர் வழங்குவர். அங்கே புகழ்வாரும் இல்லை, புகழப்படுவாரும் இல்லை. ஒரு பெயருக்கு நேராக மற்றொரு பெயரை எழுதிவிட்டால் கலைச்சொல் விளங்கிவிட்டது என்று கருதுவதும் பட்டியல் தந்த மயக்கமே.

அகராதி இருக்க அச்சம் ஏன் எனின், அகராதி பிறந்த வரலாற்றைக் காண வேண்டும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியப் பொறுப்பை ஜேம்ஸ் மர்ரே 1879-இல் ஏற்றார். பொதுமக்கள் பலர் ஊதியமின்றி நூல்களைப் படித்து, ஒரு சொல் வந்த தொடரை ஆண்டுக் குறிப்போடு தாள்துண்டில் எழுதி அவருக்கு அனுப்பினர். இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றில் அத்துண்டுகளை அடுக்கிப் பிரித்து, தொடர்களைக் கொண்டே பொருளை வரையறுத்தனர். மர்ரே 1915-இல் மறைந்தார். பணி 1928-இல்தான் நிறைவுற்றது. அதில் மேற்கோள்கள் மட்டும் 18 இலட்சத்திற்கு மேற்பட்டவை. 1755-இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியும் மேற்கோள் காட்டியே பொருள் விளக்கிற்று. இத்தனை பேர் தேடித் தந்த தொடர்களை விட்டுவிட்டு ஒரு சொல்லை மட்டும் மாணவன் பெயர்த்து எழுதுகிறான்!

நெட்டுரு அறவே வேண்டா என்பதன்று. 'கோ, வென்ட், கான்' என்னும் வினை வடிவங்களை மனத்தில் இருத்தாமல் முடியாது. அவற்றிற்குக் காரணம் கேட்டுப் பயனும் இல்லை. ஆனால் ஒரு பாடத்தின் மீள்பார்வைக்கு ஐந்து சொற்கள் போதும். அவை வந்த பத்தியைத் திறந்து, பேசுபவர் யார், கேட்பவர் யார், முன்னே நிகழ்ந்தது யாது என்று பார்த்துப் பொருளைத் தானே ஊகித்து, அதன்பின் அகராதியை நோக்கலாம். அந்தோணியின் பேச்சில் அச்சொல்லின் பொருள் எவ்வடியில் திரும்பிற்று என்று ஒவ்வொரு மாணவனும் கோடிட்டுப் பார்க்கட்டும். ஒருவன் இரண்டாம் முறை என்பான். மற்றொருவன் மூன்றாம் முறை என்பான். வகுப்பில் அவ்வழக்கு முடியாமலே மணி அடித்தாலும் இழப்பொன்றும் இல்லை.