தையல் கோட்டைத் துணியிலேயே அச்சிடலாம்

ராமநாதபுரம், கீழக்கரை தையல் கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போர்வையாக்க மகளிர் குழுக்களுக்குச் சொல்லித்தருவோர், தையல் கோடுகளை வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிடவும் கற்றுத்தர வேண்டும். ஸ்கேலும் சாக்கும் வைத்துக் கோடு போட்டால், கட்டங்கள் சேரச் சேர முனைகள் விலகிவிடும். பழைய மல் வேட்டியை ஏ4 ஸ்டிக்கர் தாளில் சுருக்கமின்றி ஒட்டி, ஓரத்து நூலை ஒட்ட நறுக்குங்கள். ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் உருளையில் சிக்கும். அச்சு அளவு 100 சதவீதமே இருக்கட்டும். இல்லையென்றால் கால் அங்குலத் தையல் இடமும் சுருங்கிப்போகும். டை மை ஈரம் பட்டால் கசியும். கடலோர ஊருக்குப் பிக்மென்ட் மைதான் சரி. லேசர் பிரிண்டர் வேண்டவே வேண்டாம், அதன் சூட்டில் பசை இளகும். காகிதத்தில் அச்சிட்டால் தைத்தபின் கிழித்தெடுக்கும் வேலை மிஞ்சும். ஸ்டிக்கர் தாளிலிருந்து உரித்த மல் துணிக்கு அந்தப் பாடு இல்லை, போர்வைக்குள்ளேயே தங்கிவிடும்.