இலவசம் என்றால் இளப்பமா?



போன வாரம் நம் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார். "சார், அரசாங்க ஆபீசுக்கு லினக்ஸ் எல்லாம் சரிப்படாது. ஓசியில் கிடைப்பது ஓசி மாதிரிதான் இருக்கும்." அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தீர்கள். அதில் பாதிப் பேருக்கு வகுத்தல் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த உரிமையில் பதில் எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

விலை இல்லை என்பது இதில் இரண்டாவது சங்கதி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் முதலாவது. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். கம்பெனிக்கு ஆகும், உங்களுக்கு ஆகும், தாலுகா ஆபீசுக்கு மட்டும் ஆகாதா?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளத்தில் 2001ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வே அதில்தான் நடக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் சுமார் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த அரசே கணக்குச் சொன்னது. 'பழுதானால் யார் பார்ப்பது?' என்று கேட்கிறீர்களே, அங்கே பார்த்தது ஆசிரியர்கள்! அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அவ்வளவுதான். எங்களைப் போன்ற சாக்பீஸ் கைகள்தானே அவையும்.

நம் ஊரில் முயற்சி இல்லாமல் இல்லை. எல்காட் 2006, 2007 வாக்கிலேயே லினக்ஸ் பக்கம் போனது. 2011ல் வந்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோசோடு பாஸ் லினக்சும் இருந்தது. அது சென்னை சி-டாக்கில் உருவானது. எத்தனை பிள்ளைகளுக்கு அதைத் திறந்து காட்டினார்கள்? பொருளைக் கொடுத்தோம், பழக்கத்தைக் கொடுக்கவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது எழுத்துரு விஷயத்தில்தான். ஒவ்வொரு ஆபீசும் ஒவ்வொரு கம்பெனியின் எழுத்துருவில் தமிழைத் தட்டச்சு செய்து வைத்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குப்பை. ஓய்வூதியக் காரியமாக ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, என் பழைய ஆணையைத் திறந்த பெண் அந்தக் குப்பையைப் பார்த்துவிட்டு, "இது வைரஸ் சார்" என்றார். வைரசும் இல்லை, ஒன்றும் இல்லை. அது என் பணிக்காலம். யூனிகோட் தரத்தைப் பின்பற்ற வேண்டும் என்று நம் அரசு 2010லேயே ஆணை போட்டுவிட்டது. சொந்த மொழியில் எழுதிய சொந்த ஆவணத்தைப் படிக்க, என்றைக்கோ மூடிப்போன கம்பெனியின் தயவு எதற்கு?

ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி லினக்சுக்குப் போய், 2017ல் திரும்பிவிட முடிவெடுத்ததே என்பீர்கள். உண்மைதான். மாறுவது சுலபம் என்று நான் சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் வெளியே வர வழி இருக்கிறதா என்பதே என் கேள்வி. பூட்டும் சாவியும் ஒரே வியாபாரியிடம் இருந்தால், அடுத்த டெண்டரில் அவர் சொன்னதுதான் விலை.

மத்திய அரசின் 2015 கொள்கை திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. அதைத் தவிர்த்தால் காரணம் எழுதித் தர வேண்டும். அந்தக் காரணத்தை யாராவது கேட்டோமா? தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது. பத்து ரூபாய் செலவு.

ஊராட்சிக் கணக்கும் இதில் சேர்த்திதான். செலவுப் பட்டியலை ஸ்கேன் எடுத்துப் படமாகப் போட்டுவிட்டால் அது வெளிப்படையாகிவிடாது. தேடவும் முடியாது, கூட்டிப் பார்க்கவும் முடியாது. இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் திட்டமும் செலவும் ஓரளவு கிடைக்கும். பெங்களூரில் கோடு எழுதும் பிள்ளைகள் அரை மணி நேரம் ஒதுக்கி, நம் ஊர்க் கணக்கை ஒரு தாளில் வரிசைப்படுத்தி அனுப்புங்கள். பொங்கலுக்கு வருகிறவர்களால் ஜனவரி 26 வரை தங்க முடியாது என்று தெரியும். அந்தத் தாளை அப்பா அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கிராம சபையில் நான் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.