மைதானத்தை விட்டுவைக்கக் கூடாதா?

ஆசிரியருக்கு,

தெற்கு தில்லியில் நாங்கள் குடியிருக்கும் பகுதியில் மிச்சமிருக்கும் ஒரே மைதானத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வரப்போகிறதாம். வேலியில் பலகை மாட்டியாயிற்று. பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் ஆட இடமில்லாமல் போகிறதே என்று சிலர் அங்கலாய்க்கிறார்கள். நியாயம்தான். ஆனால் நிலநடுக்கம் வந்தால் நாங்கள் ஓடிப்போய் நிற்கக்கூடிய ஒரே இடமும் அதுதான் என்பதை யாரும் பேசக் காணோம்.

தில்லி நான்காம் நில அதிர்வு மண்டலத்தில் இருப்பது ஊரறிந்த விஷயம். 2025 பிப்ரவரி 17 அன்று விடியற்காலை 5.36 மணிக்கு வந்த அதிர்வின் மையம் இமயமலையிலோ இந்துகுஷ்ஷிலோ இல்லை. நகருக்குள்ளேயே தௌலா குவான் பகுதியில், வெறும் 5 கிலோமீட்டர் ஆழத்தில். ரிக்டர் அளவு 4.0 என்பதால் பிழைத்தோம். அன்று எங்கள் சந்தில் ஜனங்கள் எங்கே போய் நின்றார்கள் தெரியுமா? சந்திலேயேதான். இரண்டு பக்கமும் தூண்கள்மேல் நிற்கும் நாலு மாடிகள், கீழே கார்கள், மேலே ஏ.சி. பெட்டிகளும் பூந்தொட்டிகளும், தலைக்கு மேல் மின்கம்பிச் சிக்கல். வீட்டுக்குள் இருந்ததைவிட ஆபத்தான இடத்துக்கு இறங்கி வந்து "அப்பாடா" என்று மூச்சு விட்டோம்.

பக்கத்துப் பூங்கா பூட்டிக் கிடந்தது. சாவி வாட்ச்மேனிடம், அவர் வர ஆறு மணியாகும். திறந்திருந்தால் மட்டும் என்ன? மாடும் பைக்கும் நுழையக் கூடாதென்று வாசலில் இரும்புக் கம்பியை வளைத்து வைத்திருக்கிறார்கள். உடம்பைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருவராகத்தான் போகலாம். சக்கர நாற்காலி போகவே போகாது. எங்கள் வரிசையில் இரண்டு வீடுகளில் படுத்த படுக்கையாகப் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

சந்தில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தில் அஞ்சார் இருக்கிறது. 2001 ஜனவரி 26 காலை, குடியரசு நாள் ஊர்வலமாகப் பள்ளிக் குழந்தைகள் குறுகலான தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். நிலநடுக்கத்தில் இரு பக்கத்துக் கட்டடங்களும் அவர்கள்மேல் சரிந்தன. 185 குழந்தைகளும் 20 ஆசிரியர்களும் போனார்கள். அவர்கள் யாரும் கட்டடத்துக்குள் இல்லை, வெளியில்தான் இருந்தார்கள்!

'கார் நிறுத்தம் தானே, தரைத்தளத்தில் ஜனங்கள் நின்றுகொள்ளலாமே' என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒருவர் கேட்டார். 1923இல் தோக்கியோவில் நடந்ததை அவருக்குச் சொன்னேன். நிலநடுக்கத்துக்குத் தப்பி ஹோன்ஜோ பகுதியின் பெரிய திறந்த வெளியில் கூடியவர்கள், வண்டி வண்டியாகப் படுக்கையும் தட்டுமுட்டுச் சாமான்களும் கொண்டுவந்திருந்தார்கள். நெருப்புச் சூறாவளி வந்தபோது அவையே விறகாயின. ஏறத்தாழ 38,000 பேர் ஒரே இடத்தில் மாண்டார்கள். கூடுமிடம் என்றால் திறந்த வெளி மட்டும் போதாது, எரியக்கூடியது எதுவும் அதில் இருக்கக் கூடாது. நம் ஆட்களோ அங்கே பெட்ரோலும் சி.என்.ஜி.யும் நிரம்பிய கார்களை அடுக்கடுக்காக நிறுத்தப்போகிறார்கள்.

ஜப்பானியர் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. நகரை மறுபடி கட்டும்போது தொடக்கப்பள்ளிகளை ஒட்டி 52 சிறு பூங்காக்களை அமைத்தார்கள். இன்று அங்குள்ள பல பூங்காக்களில் பெஞ்சின் பலகையைத் தூக்கினால் அடியில் அடுப்பு இருக்கும். சாக்கடை மூடியைத் திறந்து அதன்மேல் கூடாரம் போட்டால் அது கழிப்பறை. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு கைப்பம்பு இருந்தாலே பெரிய காரியம்.

ஓடி நிற்கும் இடம் வேறு, நாட்கணக்கில் தங்கும் இடம் வேறு. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்துக்குப் பிறகு காத்மாண்டு மக்கள் துண்டிகேல் மைதானத்தில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள். மே 12இல் மறுபடியும் 7.3 அளவில் குலுங்கியபோது, வீடு திரும்பியவர்களும் மீண்டும் வெட்டவெளிக்கு ஓடிவந்தார்கள். தங்குமிடம் என்றதும் நம் அதிகாரிகள் பள்ளிக்கூடத்தைக் கைகாட்டுகிறார்கள். அந்தக் கட்டடம் தாங்குமா என்று பார்த்தது யார்? 2001 குஜராத் நிலநடுக்கத்தில் பூஜ் நகரின் அரசு மருத்துவமனையே இடிந்து விழுந்தது.

ஒத்திகைகள் நடக்காமலில்லை. 2025 ஆகஸ்ட் 1 அன்று தில்லியும் பக்கத்து மாநிலங்களும் சேர்ந்து பெரிய ஒத்திகை நடத்தின. சைரன், ஸ்ட்ரெச்சர், ஆம்புலன்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் சந்துக்காரர்கள் எந்தத் திடலுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஒரு அம்புக்குறிப் பலகை இன்றுவரை இல்லை. சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் கேட்டால், "பட்டியல் இருக்கிறது, மேலே கேளுங்கள்" என்கிறார்கள். ஜனங்களுக்குத் தெரியாத பட்டியல் யாருக்காக?

மைதானத் திட்டத்துக்கு ஆட்சேபணை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதோடு மூன்று காரியங்கள் கேட்டிருக்கிறோம்: வார்டு வாரியாகக் கூடுமிடங்களைப் பலகை போட்டு அறிவிக்க வேண்டும், பூங்காக்களுக்கு இரவிலும் பூட்டாத அகலமான ஒரு வாசலாவது வேண்டும், அறிவித்த இடத்தில் பிறகு கட்டடமோ கல்யாணப் பந்தலோ வரக் கூடாது. பதில் வரவில்லை. உங்கள் தில்லி நிருபர் ஏதாவது ஒரு வார்டு அலுவலகத்துக்குப் போய் அந்தப் பட்டியலை மட்டும் கேட்டு வாங்கி வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புது தில்லி