கை வலிக்கு ஊசி மட்டும் போதுமா?

மணிலா பிடுங்கி, காய் ஆய்ந்து, களத்தில் உலர்த்தி முடித்த கையோடு நமது வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி வட்டாரங்களில் கை வலி இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். முழங்கை குத்துகிறது என்பார் வீட்டுக்காரர். இரவில் விரல் மரத்துப் போகிறது என்பார் அவர் மனைவி. தோளைத் தூக்கித் தலை வாரக்கூட முடியவில்லை என்பார் வீட்டுப் பெரியவர். மூவருக்கும் நடப்பது ஒரே வைத்தியந்தான்: ஒரு ஊசி, நாலு மாத்திரை, மறுநாள் மறுபடி வேலை. இந்தப் பழக்கத்தை விவசாயிகள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நமது கருத்து.

சிறு விவசாயிக்கு நிலம் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ இருக்கலாம். அதில் பாடுபடக் கை இரண்டுதான். தறியும் உள்ள வீடுகளில் காலையில் கழனி, பகலில் பட்டு நெசவு என்று இரண்டு தொழிலையும் அதே கைகள் சுமக்கின்றன. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் களையும் அறுவடையும் பெண்கள் மீதும் வயதானவர்கள் மீதும் விழுகின்றன. பம்பு செட் மோட்டார் சூடேறினால் உடனே நிறுத்தி, காயில் கருகாமல் காப்பாற்றுகிறோம். கை சூடேறினால் மட்டும் ஊசி போட்டு ஓட்டுகிறோம். மோட்டாருக்கு வேறு காயில் கட்டலாம். கைக்கு என்ன செய்வது?

வலி ஒரு காவல்காரன்

வலியின் மதிப்பை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஆராய்ச்சி நமக்கு அருகிலுள்ள வேலூரில்தான் நடந்தது. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்து போகின்றன என்று ஆராய்ந்தார். நோயே சதையைத் தின்றுவிடுகிறது என்று அதுவரை பலரும் நம்பி வந்தார்கள். அது சரியல்ல என்று அவர் கண்டார். நரம்பு கெட்டு உணர்ச்சி போய்விடுவதால் சுட்டாலும் தெரிவதில்லை, வெட்டினாலும் தெரிவதில்லை. புண்பட்ட கையாலேயே அவர்கள் வேலை செய்கிறார்கள். புண் ஆறாமல் கை கெடுகிறது. செயலிழந்த கைகளில் நல்ல தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, விரல்களை மீண்டும் இயங்க வைத்த அறுவைச் சிகிச்சைக்காக அவர் உலகப் புகழ் பெற்றார்.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. வலி இல்லாத கைதான் கெட்டுப் போகிற கை. ஊசி போட்டு வலியை மறைத்துவிட்டு அதே வேலைக்குத் திரும்புகிறவர், தம் கையின் காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போடுகிறார்.

எங்கே வலிக்கிறது?

எல்லாக் கை வலியும் ஒன்றல்ல. முழங்கையின் வெளிப்புறம் வலித்து, குடத்தைத் தூக்கும்போதும் துணி பிழியும்போதும் குத்தினால், மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகளின் நாண் நைந்திருக்கிறது என்று பொருள். மண்வெட்டி, அரிவாள் பிடிப்பவருக்கும், நாள் முழுதும் நாடாக் கயிற்றை இழுக்கும் நெசவாளருக்கும் இது வரும்.

கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலித்தால், விரலை அசைக்கும் நாணின் உறை வீங்கியிருக்கலாம். விதை மணிலாவைக் கையால் உடைப்பவருக்கும், கட்டைவிரலை மடக்கிப் பால் கறப்பவருக்கும் இந்தத் தொல்லை வரலாம்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்து, கையை உதறினால் சற்றுச் சரியாகிறது என்றால், மணிக்கட்டுக்குள் நரம்பு நெருக்குண்டிருக்கிறது. இது பெண்களுக்கு அதிகம். கர்ப்பிணிகளுக்கும், நீரிழிவு, தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் எளிதில் வரும்.

தோள் இறுகிக் கை பின்புறம் போக மறுத்தால், சர்க்கரை அளவைப் பரிசோதிப்பது அவசியம். கழுத்தில் தொடங்கி விரல் வரை மின்சாரம் போல் ஓடும் வலிக்குக் காரணம் கையில் இல்லை, கழுத்து எலும்பில் இருக்கிறது. அதற்குக் கையில் தைலம் தேய்த்துப் பயனில்லை.

செய்ய வேண்டியது என்ன?

முழங்கை வலிக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி முதல் சில வாரங்களுக்கு நல்ல சுகம் தரும். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு வலி திரும்பி வந்ததையும், ஓராண்டு கழித்துப் பார்க்கையில் அவர்கள் நிலை ஊசி போடாதவர்களைவிட மோசமாக இருந்ததையும் ஆஸ்திரேலியாவில் நடந்து 2006-லும் 2013-லும் வெளியான ஆய்வுகள் காட்டின. தினமும் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிறவருக்கு இந்த ஆபத்து அதிகம்.

முழங்கை வலிக்கு எளிய பயிற்சி உண்டு. முன்கையைத் தொடை மீது வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டியைப் பிடித்து, மணிக்கட்டை மெல்லக் கீழே இறக்க வேண்டும். மறுகையால் தூக்கிவிட்டு மீண்டும் இறக்க வேண்டும். நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை செய்தால் போதும். பலன் தெரிய ஆறு வாரம், சில சமயம் மூன்று மாதம் ஆகும். சிறிது வலிக்கலாம், வலி ஏறிக்கொண்டே போனால் நிறுத்திவிடவும். விரல் மரப்புக்கு, மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டையை ஆறு வாரமாவது இரவில் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். தேவைப்பட்டால் சிறிய அறுவைச் சிகிச்சையில் குணமாகும்.

சில அறிகுறிகளுக்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு கை வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்கவும். கையின் வலு திடீரென்று குறைந்தாலும், காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சிவந்தாலும், விழுந்து அடிபட்ட பின் வலித்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்கவும். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றுவதும், உணர்ச்சியற்ற தேமல் தோன்றுவதும் நரம்பு கெடுவதற்கு அறிகுறிகள். இவற்றையும் தள்ளிப் போடாமல் காட்டிவிட வேண்டும்.

கருவியை மாற்றுவோம்

'மழை வந்தால் மணிலா கொல்லையிலேயே முளைத்துவிடும். கை வலி என்று உட்கார முடியுமா?' என்று விவசாயி கேட்பது நியாயம். கொத்து ரகங்களில் அப்படித்தான் முளைத்துவிடும். ஆகவே வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, வேலை செய்யும் முறையை மாற்றத்தான் சொல்கிறோம்.

காய்ந்து இறுகிய நிலத்தில் செடியை இழுப்பதைவிட, லேசாக ஒரு தண்ணீர் கட்டிவிட்டுப் பிடுங்கினால் கைக்குப் பாதிப் பாரம் குறையும். கதிர் அறுக்கப் பல் அரிவாள் வைத்துக்கொண்டால் ஓங்கி வெட்ட வேண்டியதில்லை, இழுத்தாலே அறுபடும். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இத்தகைய அரிவாளையும், கையால் இயக்கும் மணிலா உடைக்கும் கருவியையும் உருவாக்கியிருக்கிறது. மண்வெட்டிப் பிடி மெலிந்து வழுக்கினால் பழைய சைக்கிள் டியூபை இழுத்து மாட்டலாம். பிடி தடித்தால் இறுக்கிப் பிடிக்கும் வேலை குறையும். பால் கறக்கும்போது கட்டைவிரலை மடக்காமல் முழுக் கையால் கறக்க வேண்டும். அது மாட்டின் காம்புக்கும் நல்லது, கறப்பவர் கைக்கும் நல்லது. பிடுங்குகிறவர் ஒரு மணி நேரம் கழித்து ஆயட்டும். ஆய்கிறவர் எழுந்து கட்டுச் சுமக்கட்டும். நாள் முழுதும் கொல்லையில் இருந்த கையை அன்றிரவே தறியில் உட்கார்த்த வேண்டாம்.

ஊர் செய்ய வேண்டியது

இயந்திரமயம் என்றால் டிராக்டரும் அறுவடை இயந்திரமும்தான் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. கால் ஏக்கர் மணிலாவுக்கு அவை எதற்கு? காய் ஆயும் கருவி ஒன்றும் உடைக்கும் கருவி ஒன்றும் மகளிர் குழுவிடமோ கூட்டுறவுச் சங்கத்திடமோ இருந்து, குறைந்த வாடகைக்குக் கிடைத்தால் ஒரு தெருவே பிழைக்கும். வேளாண் பொறியியல் துறை சிறு கருவிகளையும் பெண்களின் கை அளவுக்கு ஏற்றபடி ஊர்தோறும் செய்து காட்ட வேண்டும்.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை அளிக்க வழி இருக்கிறது. படுத்த படுக்கையானவர்களுக்கு அது வரப்பிரசாதம். அதோடு நில்லாமல், மணிலா அறுவடைக்கு முன்பும் பின்பும் ஊர்ச் சாவடியில் ஒரு நாள் முகாம் நடத்திப் பயிற்சிகளைக் கற்றுத் தரலாம். அதைக் கிராம சபையில் கேட்டு வாங்குவது நமது பொறுப்பு.

விதை தீர்ந்தால் வாங்கலாம், எரு தீர்ந்தால் கடன் கேட்கலாம். கை போனால் எந்தச் சங்கத்திலும் கடன் கிடைக்காது. ஆகவே அடுத்த முறை கை வலித்தால் ஊசிக்குக் கிளம்பும் முன், எந்த வேலையால் வலித்தது, எந்த இடத்தில் வலிக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே கிடைத்துவிடும்.