பெயர் ஓர் ஊருக்கு, வேலை ஓர் ஊருக்கு

திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால் இந்த ஊர் ஏன் இங்கே அமைந்தது என்பது புரிந்துவிடும். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனி மலைத்தொடர், இடையில் மதுரைக்குப் போகும் சமவெளி. கொங்கு நாட்டிலிருந்தும் மைசூரிலிருந்தும் வரும் படை இந்த வாசலைத் தாண்டித்தான் மதுரைக்குப் போகவேண்டும். அதனால்தான் 1605இல் மதுரையை ஆண்ட முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் இந்தப் பாறையின் மேல் கோட்டை கட்டினார். 1755இல் மைசூரின் பவுஜ்தாராக, அதாவது ராணுவ நிர்வாகியாக, இங்கே வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களைத் துணைக்கு வைத்துப் பீரங்கிப் படையை வளர்த்தார். கணவரையும் நாட்டையும் இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார் பக்கத்து விருப்பாச்சியில் தங்கிப் படை திரட்டினார். 1790இல் கோட்டையைப் பிடித்த கிழக்கிந்தியக் கம்பெனி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் அதைத் தனதாக்கிக்கொண்டது.

படைக்கு வாய்த்த இடம் சந்தைக்கும் வாய்த்தது. 1866இல் நகராட்சி அமைந்தது. 1875இல் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போன ரயில் இவ்வழியே போனது. பின்னாளில் பழனி, பொள்ளாச்சிப் பக்கமும் தண்டவாளம் பிரிந்தது. ஆனால் வழி மட்டுமே ஊருக்குச் சோறு போடாது. குடகனாறு வருஷத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு. தஞ்சாவூர்போல நெல்லை நம்பிப் பிழைக்க முடியாத மண் இது. எனவே வறண்ட நிலம் தந்ததை வாங்கி, கைவேலை சேர்த்து, விலை ஏற்றி விற்பதே இந்த ஊரின் பிழைப்பாயிற்று. புகையிலை சுருட்டாயிற்று. ஆட்டுத்தோல் பேகம்பூர்த் தோல்ஷாப்புகளில் பதப்பட்டது. அந்தக் கழிவுக்கான விலையை நிலத்தடி நீர் இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. நாகல்நகரிலும் சின்னாளபட்டியிலும் நூல் சேலையாயிற்று.

இந்த வரலாற்றில் ஒரு விசித்திரம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டன் வரை பேர்பெற்ற சுருட்டுக்கு 'ட்ரிச்சினாபலி' என்று பெயர். ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் கதையிலேயே சாம்பலைப் பார்த்து இனம் கண்டுகொள்வது அந்தச் சுருட்டைத்தான். அதன் இலையோ திண்டுக்கல் சீமையில் விளைந்தது. ஸ்பென்சர் கம்பெனி இங்கேயே தொழிற்சாலை வைத்துச் சுருட்டு செய்தும் பெயர் திருச்சிக்கே நிலைத்தது.

பூட்டில் கதை தலைகீழ். பாறைப்பட்டி, நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டிப் பக்கம் பூட்டுப் பட்டறைகளுக்குப் பேர்போன இடங்கள். தகட்டை வெட்டி, வளைத்து, உள்ளே லீவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். பிறகு சாவியின் பல்லை அரத்தால் கொஞ்சம் ராவுவது, துளையில் விட்டுத் திருப்பிப் பார்ப்பது, மறுபடி ராவுவது. அளவு கையில்தான் இருக்கிறது. அதனால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குப் பொருந்தாது. கோயில் உண்டியல், சிறைச்சாலை, கிட்டங்கி என்று நம்பிக்கை தேவைப்பட்ட இடமெல்லாம் இந்தப் பூட்டு தொங்கியது. பிறகு அலிகாரிலிருந்து இயந்திரப் பூட்டு மலிவு விலையில் வந்து, திண்டுக்கல் கடைகளிலேயே குவிந்தது. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பட்டறைகளில் பெரும்பாலும் வயதானவர்களே இருந்தார்கள். நாள் முழுக்க ராவினாலும் கூலி கட்டுப்படியாகாத வேலைக்கு மகனை எந்தத் தகப்பன் அனுப்புவான்?

இன்று வெளியூர்க்காரர்களுக்குத் திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பிரியாணி. 1957இல் தலைப்பாகை கட்டிய நாகசாமி நாயுடு சீரகச் சம்பாவில் தொடங்கிய கடை கடல் கடந்து கிளை பரப்பியிருக்கிறது. 'தலப்பாக்கட்டி' என்ற பெயருக்காக வழக்கே நடந்தது. அந்தப் பெயரைக் காக்க முதலும் வக்கீலும் இருந்தார்கள். பூட்டுப் பட்டறைக்காரருக்கு இரண்டும் இல்லை.

சந்தை ஊர் எதற்கும் நிரந்தரமாகத் துக்கம் கொண்டாடாது. சுருட்டு போனால் நூற்பாலை, பூட்டு போனால் பிரியாணி என்று அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் துணிச்சல்தான் திண்டுக்கல்லின் குணம், அதை மெச்சலாம். ஆனால் எல்லாச் சரக்கும் ஒன்றல்ல. கடையை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். ஒரு தலைமுறை கைவிட்ட அரத்தை அடுத்த தலைமுறை தானாக எடுத்துவிடாது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும், கையைக் காக்காது. கையைக் காப்பது கொள்முதல். அறநிலையத்துறையும் சிறைத்துறையும் வருஷத்துக்கு இத்தனை பூட்டு என்று கட்டுப்படியாகும் விலைக்கு வாங்கட்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் மூத்த ஆசாரிகள் சம்பளம் வாங்கிக் கற்றுத்தரட்டும். சுருட்டில் உழைப்பு நமதாக இருந்தும் பெயரைப் பறிகொடுத்தோம். பூட்டில் பெயர் மட்டும் மிஞ்சினால், அந்த நஷ்டத்துக்கு வேறு ஊரைக் குறை சொல்ல முடியாது.